ஜவ்வாது மலையில் மஞ்சப்பை சீசன்!

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். ரூம் வாடகையைக் கேட்டால் பி.எஃப். லோன் போடலாமா என்று தோன்றும். இது எதுவும் வேண்டாம், ரெண்டு நாள் கேஷுவல் லீவ் போதும் என்கிற ஆசாமியா நீங்கள்? நேரா போளூருக்கு டிக்கெட் எடுங்க. அங்கே பஸ் மாறினால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் தலைநகரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலிலேயே சொல்லிடறேன், ஸ்வெட்டர் வேண்டாம். மேலே இருக்கும் காவலூரே 725 மீட்டர் உயரம்தான். வேலூர் வெயிலில் வறுபட்டவனுக்கு 'அப்பாடா' என்றிருக்கும், அவ்வளவுதான். பீமன் அருவி கோடையில் நூல் மாதிரிதான் விழும். ஆனால் வானம் சுத்தமாக இருக்கும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 93 அங்குலத் தொலைநோக்கிக்கு ஜனவரி முதல் மே வரைதான் நல்ல அறுவடை. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-ல் கண்டுபிடித்ததில் இந்த மலைக்கும் பங்கு இருக்கு. (நம்ம ஆபீஸ் ஜன்னலில் எதிர் பில்டிங் ஏ.சி. மட்டும்தான் தெரியுது!)

கோடையில் இந்த மலைக்கு அவசரமே கிடையாது. இங்கே வசிப்பவர்கள் மலையாளிகள். கேரளாவைத் தேடாதீங்க, அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று இவர்களே கதை சொல்வார்கள். மானாவாரி நிலம். சாமை அறுத்து, புளி உலுக்கி, கொட்டை எடுத்து முடித்தால், அடுத்த மழை வரைக்கும் நிலத்தில் வேலை இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு 'ஆஹா, என்ன நிம்மதி!' என்று தோன்றும். அவர்களுக்கு அது வருமானம் இல்லாத மூணு மாசம்.

ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில் கடகடவென்று சத்தம். கால் மெஷின். ஒரு அக்கா மஞ்சப்பை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மலை மாதிரி மஞ்சள் குவியல். அவர் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, தைத்த பைகளை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, ஒரு மூங்கில் குச்சியால் மூலைகளைக் குத்திச் சரி செய்துகொண்டிருந்தார்.

"கரண்ட் போனாலும் பிரச்னை இல்லீங்களே?" என்றேன்.

"காலு போனாதான் சார் பிரச்னை" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

எல்லாம் தாம்பூலப் பை. சித்திரை, வைகாசியில் கீழே முகூர்த்தம் குவியும். அப்போ மேலே நிலம் சும்மா கிடக்கும். ஆடி பிறந்தால் கல்யாணம் நின்றுவிடும். இங்கே அதற்குள் விதைப்பு வந்துவிடும். எந்த மேனேஜ்மென்ட் கன்சல்டன்டும் இவ்வளவு அழகாக ஷெட்யூல் போட மாட்டான்.

1.1.2019 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 23.12.2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாலே பட்டிக்காட்டான் என்று சிரித்தோமே, அதே பையை இப்போது கல்யாண வீட்டில் பெருமையாகக் கொடுக்கிறோம்.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? கணக்கு போட்டேன். வெட்டிய துணியை வியாபாரி கொடுக்கிறார். கூலி பைக்கு நாலு ரூபாய். நாளைக்கு அறுபது பை. ஆக 240. இதையே சொந்தத் துணியில் தைத்தால்? மீட்டர் 40 ரூபாய் என்றால் நாலு பை வரும். நூல், காது எல்லாம் சேர்த்துப் பை ஒன்று 12 ரூபாய். 25-க்கு விற்றால் 13 நிற்குது. நாலு எங்கே, பதிமூணு எங்கே!

அக்கா மெஷினை நிறுத்தினார். "கணக்கு கரெக்ட்டுதான் சார். துணிக்கு முதல் யாரு போடறது? ஆயிரம் பைன்னா பத்தாயிரம் ரூபா துணி. கல்யாணக்காரங்க காசு மூணு மாசம் கழிச்சுதான் வரும். அதுவரைக்கும் இன்னா பண்றது?"

ஒர்க்கிங் கேப்பிடல்! நாங்கள் மூணு வருஷம் படித்த பாடத்தை மூணு வரியில் முடித்துவிட்டார். மெஷினே மகளிர் குழுக் கடனில் வந்தது. அந்தத் தவணை முடிந்ததும் துணிக்குக் கடன் கேட்கப் போகிறாராம்.

"வருஷா வருஷம் இவரு குடகுக்கு மிளகு பறிக்கப் போயிடுவாரு. இந்த வருஷம் வேணாம்னுட்டேன்" என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு பையைத் திருப்பினார்.

குடகு பரவாயில்லை. கோடையில் கூலி தேடிப் போன பாதை சில சமயம் ஆந்திரா பக்கம் திரும்பியிருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் 20 பேர். அதில் இந்த மலைக்காரர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தேன். அக்கா பதில் சொல்லவில்லை. மெஷின் மட்டும் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது நாலு பை கேட்டேன். எல்லாம் வியாபாரி கணக்கில் எண்ணி வைத்தது, தர முடியாது என்றார். பிறகு உள்ளே போய், மிச்சத் துணியில் சொந்தமாகத் தைத்து வைத்திருந்த ரெண்டு பூப்போட்ட பைகளை எடுத்து வந்தார். உள்ளே சின்ன பாக்கெட் எல்லாம் வைத்து, ஜோர்! "முப்பது ரூபா" என்றார். பேரம் பேச வாய் வரவில்லை.

போகிறவர்கள் காவலூருக்கு எந்த நாள் அனுமதி என்று விசாரித்துக்கொண்டு போங்கள். தேன், சாமை, புளி எல்லாம் அங்கேயே கிடைக்கும். வீட்டிலிருந்து பை மட்டும் எடுத்துப் போகாதீங்க.