ஆபத்துக் காலக் கடமையாளர்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை எமது வடமராட்சிக் கரையையும் தமிழகத்துக் கல்பாக்கத்தையும் தாக்கியது. அங்குள்ள அணுமின் நிலையத்தில் நீர்ப்பம்பிகள் இருந்த கட்டடத்தினுள் கடல் புகுந்ததும், இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பணியாளர் பாதுகாப்பாக நிறுத்தினர். ஆயினும் அவர்தம் குடியிருப்பிலேயே அலை பல உயிர்களைக் கொண்டது. மணற்காட்டில் உறவினரை இழந்தோர் கரவெட்டியிலும் உளர். அவர்கள் துயரைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஆபத்துக் காலப் பணியாளரின் தகைமை யாது என்னும் வினா நெடுநாளாக உண்டு.

பொறியியற் பட்டம் அதன் தொடக்கம் மட்டுமே. 1979 இல் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில், உரிமம் பெற்ற இயக்குநரே கருவிகள் காட்டியதைப் பிழையாக விளங்கி, உலைக்குச் சென்ற குளிர்நீரைக் குறைத்தனர். கற்றவரும் பதற்றத்தில் தடுமாறுவர் என்பதாலேயே ஒத்திகைகள் இடையறாது நடத்தப்படுகின்றன.

உலையைக் காப்பது கடமையின் ஒரு பாதி. மக்களை எச்சரித்தல், அயடீன் மாத்திரை வழங்கல், வெளியேற்றல் என்பன மறுபாதி. இந்தியாவில் நிலைய எல்லைக்கு வெளியே இப்பொறுப்பு மாவட்ட ஆட்சியரைச் சாரும். அவர் அணுவியல் கற்றிருக்க வேண்டியதில்லை, யாருக்கு எப்போது சொல்வதென்று அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று எம் கரையில் அலை வருகிறதென்று சொல்லும் கடமை எவருக்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அணுவுலை இல்லாத ஊருக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். அவர் யாரென்பது அலைக்கு முன்னரே முடிவாகியிருத்தல் வேண்டும்.