மோயாறைச் சுத்தி ரெண்டு நாள்

மே மாசம் முழுக்க இங்க ஒண்ணும் எழுதலை. சென்னையிலிருந்து மக, மாப்பிள்ளை, எட்டு வயசுப் பேத்தி மூணு பேரும் லீவுக்கு வந்திருந்தாங்க. வாழைக்குத் தண்ணி விடறதும், பேத்தி கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்றதுமே சரியாப் போச்சு. இப்ப ஊருக்குப் போயிட்டாங்க, வீடு வெறிச்சுனு கிடக்குது. அதனால எழுத உக்காந்துட்டேன்.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க தோட்டம் பவானிசாகர் பக்கம், காட்டை ஒட்டி இருக்குது. மூணு ஏக்கர். பாதி நேந்திரன் வாழை, மீதியில மல்லிகையும் கொஞ்சம் காய்கறியும். தாத்தா காலத்துல நாங்க இங்க இல்லைங்க. டணாய்க்கன்கோட்டைப் பக்கம் இருந்தோம். 1955-ல அணை கட்டி முடிச்சப்போ அந்தக் கோட்டையும் சுத்தியிருந்த ஊர்களும் தண்ணிக்குள்ள போயிருச்சு. தாத்தா மேட்டுக்கு வந்து காட்டைத் திருத்தி உழுதார். அணையில தண்ணி நல்லா வத்தினா இப்பவும் கோட்டைச் செவுரு தலை தூக்கும்.

வந்த மறுநாளே பேத்தி மோட்டார் ரூமுக்குள்ள புகுந்துட்டா. மூலையில புதுக் கம்பிச் சுருள் ஒண்ணு கிடந்தது.

"அப்புச்சி, இந்தக் கம்பி எதுக்கு?"

"பந்தல் போடறதுக்கு கண்ணு. புடலங்கா பந்தல்."

சொன்னது பொய்யிங்க. அந்தக் கம்பியை நான் எதுக்கு வாங்கினேன்னு இங்க சொல்லிடறேன். போன தை மாசம் ஒரே ராத்திரியில 140 வாழை போச்சு. இன்னும் ஒரு மாசத்துல தார் வெட்ட வேண்டிய மரங்க. யானை மரத்தைச் சாய்ச்சு, தண்டைப் பிளந்து, குருத்தை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை மிதிச்சுட்டுப் போயிருந்தது. இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்தாங்க, போட்டோ எடுத்தாங்க. கைக்கு வந்த பணம் முட்டுக் கம்புக்குக் கூடக் கட்டலை. அந்தக் கோபத்துலதான் போய் அந்தச் சுருளை வாங்கிட்டு வந்தேன். ஊருக்குள்ள ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார், மோட்டார் லைன்ல இருந்து நேரா கம்பிக்குக் கரன்ட் கொடுத்துட்டா அப்புறம் ஒண்ணும் வராதுன்னு.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. சோலார் வேலிங்கறது விட்டு விட்டு அடிக்கும். தொட்டா உதறித் தள்ளும், உசுரு போகாது. நேரடிக் கரன்ட் அப்படி இல்லை, தொட்டதை விடாது. நம்ம நாட்டுல மனுசனால சாகிற யானைகள்ல கரன்ட் அடிச்சுச் சாகிறதுதான் அதிகம். தப்புன்னும் தெரியும், கேஸுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். நாலு மாசமா கட்டவும் மனசு வரலை, தூக்கிப் போடவும் மனசு வரலை.

அந்த வாரமே மாப்பிள்ளை கேட்டார். "மாமா, காட்டோரத்துலயே இருக்கீங்க, ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" ரெண்டு தடவைன்னேன். ஒண்ணு பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனது, இன்னொண்ணு கல்யாணமான புதுசுல. "அப்ப எல்லாரும் கார்லயே போவோம், காட்டு வழியா சுத்திட்டு வரலாம்"னார். பேத்திக்கு ஒரே ஆசைதான், காட்டு யானையைப் பார்க்கணும். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. யானையைப் பார்க்கப் பெட்ரோல் போட்டுக்கிட்டு வெளியூர் போற முதல் ஆளு நானாத்தான் இருப்பேன்.

விடியக்காலம் கிளம்பி ஆறு மணிக்குப் பண்ணாரி செக்போஸ்ட்டுல நின்னோம். ராத்திரி 9-லிருந்து காலையில 6 வரைக்கும் திம்பம் மலைப்பாதையில வண்டி விடறதில்லை, கோர்ட்டு உத்தரவு. அம்மனைக் கும்பிட்டுட்டு ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுலயே வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுக்கிட்டா. மேல போனா குளுகுளுன்னு காத்து. இதெல்லாம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013-ல அறிவிச்சது, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல.

ஆசனூர் தாண்டி காராப்பள்ளம் வரைக்கும் பேத்தி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கலை. அந்தப் பக்கம் கரும்பு லாரியை யானை வழிமறிக்கிறதை நீங்க வீடியோவுல பார்த்திருப்பீங்க. டிரைவருங்க ரெண்டு கட்டுக் கரும்பை வீசிட்டுப் போக, யானைகளும் அதுக்குப் பழகி ரோட்டோரம் குட்டியோட காத்து நிக்கும். அன்னிக்கு லாரி வந்தது, யானை வரலை.

சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை பக்கம் கோடை மழை பெஞ்சு உழவு ஓட்டியிருந்தாங்க. செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வந்துச்சு. ஜூலை, ஆகஸ்ட்டுல வந்தா இங்கெல்லாம் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்து நிக்கும். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்தேன். மகளுக்குச் சிரிப்பு. "அப்பா, எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க, நீங்க மண்ணு எடுக்கறீங்க."

அப்புறம் பந்திப்பூர். மைசூர் மகாராஜா வேட்டைக்குப் போன காடு. 1973-ல புலிகளைக் காப்பாத்தற திட்டம் ஆரம்பிச்சப்போ முதல்ல எடுத்த ஒன்பது காடுகள்ல இதுவும் ஒண்ணு. இங்கேயும் ராத்திரி 9 மணிக்கு மேல ரோட்டை மூடிடுவாங்க. மான் கூட்டம் கூட்டமா நின்னுச்சு, மயில், கருங்குரங்கு எல்லாம் பார்த்தோம். ஆனா என் கண்ணு உண்ணிச்செடி மேலதான் போச்சு. மரத்துக்குக் கீழ எங்க பார்த்தாலும் அதுதான். அழகுக்குன்னு வெளிநாட்டுலிருந்து கொண்டாந்த செடி. அது அடைச்சுக்கிட்டா கீழே புல்லு வராது. புல்லு இல்லாத காட்டுல யானை என்னத்தைத் திங்கும்? என் தோட்டத்துல களை வந்தா நான் வெட்டுவேன். இத்தனை பெரிய காட்டுக்கு யாரு களை வெட்டறது?

முதுமலை எல்லையில நீலகிரி மாவட்டத்துக்கான இ-பாஸைப் பார்த்தாங்க. போறதா இருந்தா முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துக்கங்க. சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கு வெச்சிருக்காங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலையும் விடமாட்டாங்க. வீட்டுக்காரி கொண்டாந்த ரெண்டு பாட்டிலும் அங்கேயே போச்சு. புளிசாதம் எவர்சில்வர் தூக்குல இருந்ததால தப்பிச்சது.

சாயங்காலம் தெப்பக்காடு முகாமுல யானைக்குச் சாப்பாடு கொடுக்கிறதைப் பார்த்தோம். ஆஸ்கர் வாங்கின படத்துல பொம்மன், பெள்ளி வளர்த்த குட்டிகளைப் பார்த்தீங்களே, அந்த முகாம்தான். ராகி, கொள்ளு, சோறு இதையெல்லாம் வேக வெச்சு, வெல்லமும் உப்பும் சேர்த்து, பெரிய பெரிய உருண்டையாப் பிடிச்சு வாய்க்குள்ளயே வைக்கிறாங்க. ஒவ்வொரு யானைக்கும் தனிக் கணக்கு.

இங்க மூர்த்தின்னு ஒரு மக்னா யானை இருந்துச்சு. மக்னான்னா தந்தம் இல்லாத ஆண் யானை. இருபது பேருக்கு மேல கொன்ன யானைன்னு 1998-ல கூடலூர் பக்கம் பிடிச்சாங்க. சுட்டுடலாம்னு பேச்சு இருந்தப்போ, பிடிச்சு வைத்தியம் பார்த்தாங்க. அது உடம்பு பூரா பழைய காயம். கடைசியில குழந்தைங்க பக்கத்துல நிக்கிற அளவுக்குச் சாதுவாகி, 2024-ல வயசாகிச் செத்துப் போச்சு. நான் இதை முன்னாடியே பேப்பர்ல படிச்சதுதான். அந்த இடத்துல நின்னு நினைச்சப்போ வேற மாதிரி இருந்துச்சு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ன ஒரு மாவுத்தர் கிட்டப் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊருன்னு கேட்டார். பவானிசாகர்னேன்.

"அப்ப இந்தத் தண்ணிதானுங்க உங்களுக்கும்"னு பக்கத்துல ஓடின ஆத்தைக் காட்டினார். மோயாறு. ஆமாங்க, அது இங்கிருந்து பள்ளத்தாக்குல இறங்கி எங்க அணையிலதான் வந்து சேருது. "தண்ணி வர்ற வழியிலதான் அதுகளும் வரும். வாழை போட்டிருக்கீங்களா?"

போட்டிருக்கேன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினார்.

ராத்திரி மசினகுடியில தங்கினோம். வழியில பூட்டிக் கிடந்த விடுதிகளைப் பார்த்தோம். சீகூர் பகுதி யானைங்க போற வழி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவுல இதுதான் பாலம். அதுல ரிசார்ட்டுங்க வேலி போட்டு நின்னதால கேஸ் நடந்து, 2018-ல பல விடுதிகளுக்குச் சீல் வெச்சாங்க. 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் யானை வழித்தடம் செல்லும்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. எங்க ஊர்லயும் ஒரு ஆளு தோட்டத்தை விலைக்குக் கேட்டுக்கிட்டிருக்கார், ரிசார்ட் கட்ட. வாழை போட்டு நட்டப்படறதுக்கு வித்துடுங்கன்னு அவர் சொல்றப்போ சில நாள் நியாயமாத்தான் படும். அந்தப் பூட்டுகளைப் பார்த்தப்புறம் அந்தப் பேச்சை மாப்பிள்ளைகிட்ட எடுக்கவே இல்லை.

மறுநாள் கல்லட்டி வழியா ஊட்டி. 36 வளைவு, நெட்டுக்குத்தலா இருக்கும். வெளியூர் வண்டி ஏறலாம், இறங்க விடமாட்டாங்க. பிரேக் பிடிக்காம நிறைய உசுரு போன ரோடு. ஊட்டியைப் பத்தி நான் சொல்ல என்ன இருக்கு? 1848-ல ஆரம்பிச்ச தாவரவியல் பூங்காவுல தலை மட்டும்தான் தெரிஞ்சுது, பூவு தெரியலை. வீட்டுக்காரிக்கு அந்தப் புல்தரையில அரை மணி நேரம் உக்காந்ததுதான் சந்தோசம். வர்க்கி வாங்கிக்கிட்டு மத்தியானமே கோத்தகிரிக்குக் கிளம்பிட்டோம்.

கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுல 18 கிலோமீட்டர் போனா கோடநாடு காட்சி முனை. நீங்க ஊட்டிக்குப் போனா இதை மட்டும் விட்டுடாதீங்க. மலை அங்க டக்குனு முடிஞ்சிருது. கீழே மோயாறுப் பள்ளத்தாக்கு முழுசாத் தெரியுது. வளைஞ்சு வளைஞ்சு ஆறு போகுது, அதன் கரையில தெங்குமரஹாடா ஊரும் வயலும். எதிர்ல திம்பம் பக்கத்து மலை, நேத்து நாங்க ஏறினது. தூரத்துல வெள்ளையா ஒரு தகடு மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

"அது என்ன அப்புச்சி?"

"நம்ம டேம் கண்ணு."

"அப்ப நம்ம வீடு?"

"அந்தத் தண்ணிக்கு ஓரத்துல எங்கியோ."

அவ ரொம்ப நேரம் பார்த்துட்டு, விரலால ஆத்து மேலயே கோடு போட்டுக்கிட்டு வந்தா. "யானை முகாமுலிருந்து ஆறு இப்படியே வந்து, இப்படியே வந்து, நம்ம வீட்டுக்கு வந்திருச்சு. நாமதான் சுத்திட்டு வந்திருக்கோம்."

அவ சொன்னது சரிங்க. நாங்க கார்ல சுமார் முந்நூறு கிலோமீட்டர் வட்டம் போட்டோம். அந்த வட்டத்துக்கு நடுவுலதான் யானையோட ரோடு இருக்குது. அதுக்கு இ-பாஸும் இல்லை, செக்போஸ்ட்டும் இல்லை. அந்த ரோட்டோட ஒரு முனையைத் தண்ணி மூடிருச்சு. அங்கிருந்து மேட்டுக்கு ஏறி வந்தவர் என் தாத்தா. அந்த இடத்துல நிக்கிற வரைக்கும், யானை என் தோட்டத்துக்குள்ள வருதுன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்காக, என் 140 வாழை போனது சரின்னு சொல்லலை. தாத்தாவும் போக வேற இடம் இல்லாமத்தான் வந்தார். எனக்கும் வேற இடம் இல்லை. மேல நின்னு பார்க்கிறப்போ எல்லாம் பச்சையா அழகாத்தான் இருக்கும். கீழே ராத்திரியில டார்ச்சோட நிக்கிறவனுக்குத்தான் தெரியும். இதை நீங்களும் ஞாபகம் வெச்சுக்கணும்னுதான் எழுதறேன்.

மேட்டுப்பாளையம் இறங்கி வீடு வந்து சேர ராத்திரி ஆயிருச்சு. பேத்தி கடைசி வரைக்கும் காட்டு யானையைப் பார்க்கலை. காருக்குள்ளயே தூங்கிட்டா.

மறுநாள் காலையில மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டுப் போய், கிணத்துக்குப் பக்கத்துல எட்டுக் கல்லுக்கால் நட்டு, அந்தக் கம்பியை இழுத்துக் கட்டினோம். பேத்தி புடலை விதையை ஊனினா. வீட்டுக்காரி வந்து பார்த்துட்டு, "இதுக்குத்தான் வாங்கினதா?"ன்னு கேட்டா. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆமான்னேன்.

அவங்க சென்னைக்குப் போன நாலாம் நாள் ராத்திரி யானை வந்துச்சு. கொம்பன் ஒண்ணு தனியா. தகரத்தைத் தட்டி, வெடி போட்டு, பக்கத்துத் தோட்டக்காரங்களும் வந்து விரட்டறதுக்குள்ள 11 வாழை போயிருச்சு. வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கோபம் அப்படியேதான் இருக்குது. சோலார் வேலிக்கு மானியம் கிடைக்குமான்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன். எல்லை வரப்புல இந்தத் தடவை வாழைக்குப் பதிலா மிளகாய் போடறேன்.

காலையில பேத்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் இருக்கிறப்போ ஏன் வரலை?"ன்னு அழுதுட்டா. அப்புறம் கேட்டா, "பந்தலை ஒடைச்சுட்டாரா அப்புச்சி?"

இல்லை கண்ணு. பந்தல் அப்படியே நிக்குது. புடலை ரெண்டு இலை விட்டிருக்குது.