பழங் கச்சேரியும் நமது செவியும்

சென்ற விடுமுறையிற் பெரம்பலூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில், ஆலத்தூர் சகோதரர்களின் பழைய கச்சேரிப் பதிவொன்றைக் கேட்டோம். அவ்விருவரும் உடன்பிறந்தாரல்லர், எனினும் பல்லவி பாடுவதில் ஓருயிராய் நின்றவர். சிவசுப்பிரமணிய ஐயர் 1964-லும், ஸ்ரீநிவாச ஐயர் 1965-லும் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றனர். நம் செவியில் விழுந்தனவோ இரைச்சலும், இருமலும், நடுவே அறுந்த ஆலாபனையுமே. “இதனை வெளியிட்டது வித்துவான்களுக்குச் செய்த அபசாரம்” என்று தீர்ப்புக் கூறிக் கால்மணியில் எழுந்துவிட்டோம்.

விமரிசகருள்ளும் இக்கட்சியார் உளர். மறுகட்சியார் கூறுவது வேறு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷ அளவினது. அதனுள் விஸ்தாரமான பல்லவி அடங்குமோ? பாடகர், பக்கவாத்தியக்காரர், சபையோர் ஆகிய மூவரும் கூடி விளைவித்ததே கச்சேரி. அதனை அவ்வண்ணமே காட்டுவது மேடைப்பதிவொன்றே என்பர்.

அடுத்த வாரம் அரியலூர் வழியே உடையார்பாளையம் சென்றோம். அங்கே கச்சி யுவரங்கரின் ஆதரவில் வாழ்ந்தவர் கனம் கிருஷ்ணையர். உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடம் இசை பயின்றவர்; சாமிநாதையரும் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வசித்தவர். அவர் எழுதிவைத்தமையால் கிருஷ்ணையரின் பெருமையை அறிகிறோம். பதங்களும் எஞ்சியுள்ளன. அந்தக் கனமார்க்கக் குரல் எங்கே? இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய 1902-க்கு நெடுநாள் முன்னரே அது அடங்கிவிட்டது. இருமலோடும் இரைச்சலோடும் அக்குரல் கால்மணி கிடைக்குமாயின் எதைத்தான் கொடுக்கமாட்டோம்! அவ்வூர்த் தெருவில் நின்று நாணினோம்.

மீண்டு வந்து அப்பதிவை முற்றுங் கேட்டோம். நாம் எழுந்துபோன இடத்திற்குச் சற்று அப்பாலே பல்லவி தொடங்கியிருந்தது. காலம் மாறமாற, எடுப்பு வழுவாது வந்து விழுந்தபோது சபையில் எழுந்த பெருமூச்சும் கேட்டது. முன்பு இரைச்சலென்று இகழ்ந்தது அச்சபையையே அன்றோ?

குறையைக் குறையென்று கூறுதல் விமரிசகர் கடன். பாடிய நாள், இடம், பக்கவாத்தியக்காரர் பெயர் ஆகியவற்றைக் குறியாது வெளியிடுதலைக் கண்டித்தலும் முறையே. ஆயினும் முற்றுங் கேளாது தீர்ப்புக் கூறுதல் தகாது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்காள்! உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடாக்கள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். ஒருமுறை முடிவுவரை கேளுங்கள்.