தலைக்கு வந்தது தலைப்பட்டையோடு...!

ஆபீஸ் வேலையாக இந்தோனேஷியா போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு லிஸ்ட் நீட்டினார்கள். உம்மாவுக்கு ஜாதிக்காய். வாப்பாவுக்கு பாத்திக் கைலி. லாத்தா மட்டும் லிஸ்ட் தராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, முக்காட்டுக்கு உள்ளாற தலையில கட்டுற பட்டை ரெண்டு வாங்கிட்டு வாடா. அந்த ஊரு பொம்பளைங்க கட்டியிருப்பாங்க, பார்த்து வாங்கு."

"பொம்பளைங்க நெத்தியைப் பார்த்துகிட்டு நிக்கச் சொல்றியா? உதை வாங்கித் தரப் பார்க்கிறியா?"

"பட்டை வாங்குறது என் வேலைக்காக. உதை வாங்குறது உன் சாமர்த்தியம்!"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பில்லை. லாத்தா ஒரு பாங்கில் காஷியர். வழவழ துணி முக்காடு நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் நழுவும். ஒரு கை நோட்டில், ஒரு கை முக்காட்டில். அப்படியே ஒரு சாயங்காலம் கணக்கில் 3,000 ரூபாய் உதைத்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினாள். "கஷ்டமா இருந்தா கவுண்ட்டர் வேணாம், உள் வேலைக்குப் போயிடுங்கம்மா" என்று மேலதிகாரி வேறு சொல்லிவிட்டார். கவுண்ட்டர் என்றால் அவளுக்கு உயிர். ஆக, நான் வாங்கப் போனது பட்டை இல்லை, அவள் நாற்காலி!

ஜாவா தீவில் இருக்கும் யோக்யகார்த்தாவை ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஜோக்ஜா' என்கிறார்கள். சுல்தான் இன்னும் இருக்கிறார். அவரேதான் கவர்னரும். இறங்கியதும் ஏ.டி.எம்.மில் பத்து லட்சம் எடுத்தேன். ஆஹா, லட்சாதிபதி! அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்ம காசுக்கு ஐயாயிரத்துச் சொச்சம்.

நான் போனது வெள்ளிக்கிழமை. ஆபீஸில் மானேஜரிலிருந்து டிரைவர் வரை எல்லோரும் பாத்திக் சட்டையில் இருந்தார்கள். 2009 அக்டோபர் 2-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் பாத்திக்கைச் சேர்த்தது. அன்றிலிருந்து அக்டோபர் 2 அவர்களுக்கு பாத்திக் தினம். நமக்கு காந்தி ஜெயந்தி, அவர்களுக்கு அவர்களுடைய கைத்துணி. பொருத்தம்தானே!

லாத்தா சொன்னதைக் கவனித்தேன் (நெற்றியை மட்டும்தான், நம்புங்கள்!). ஒற்றைக் கலரில் முக்காடு. அதன் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு பூப்போட்ட பட்டை எட்டிப் பார்க்கிறது. முழங்கால் வரை தொங்கும் மேல்சட்டையும் ஒற்றைக் கலர். மொத்த உடுப்பிலும் பூ வேலை அந்தப் பட்டையில் மட்டும்தான், ஆனால் கண் அங்கேதான் போகிறது. அந்த உள்பட்டைக்கு 'சிபுத்' என்று பெயர். பருத்தி என்பதால் முடியைக் கவ்விக்கொள்ளும், மேலே போடும் முக்காட்டையும் நழுவ விடாது.

மாலியோபோரோ சாலையில் ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரர், "பாத்திக் கண்காட்சி, இன்னிக்குத்தான் கடைசி நாள்!" என்றார். தப்பித்தேன். மறுநாளும் அதே ரிக்ஷா, அதே கடைசி நாள்! நம்ம ஊர் ஆடித் தள்ளுபடிக்குத் தம்பி முறை போலிருக்கிறது.

சாலையின் தென்கோடியில் பெரிங்ஹார்ஜோ மார்க்கெட். உள்ளே போனால் மலை மலையாகத் துணி. பேரம் பேச நண்பர் ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "போலே குராங்?" குறைக்கலாமா என்று அர்த்தம். நான் சொன்னபோது எனக்கே எதிரில் இருப்பவரைக் குரங்கு என்று திட்டுவது போலத்தான் கேட்டது. ஆனால் கடைக்கார அம்மா சிரித்தார். நாற்பதாயிரம் என்ற பட்டையை இருபதாயிரத்துக்கு இறக்கி, நாலு வாங்கினேன். ராஜேந்திர சோழன் கடாரம் வென்றது மாதிரி நடந்து ஓட்டலுக்கு வந்தேன்.

நண்பர் ஒரு பட்டையைத் திருப்பினார். உள்பக்கம் வெளேரென்று இருந்தது. "இது மிஷின் பிரிண்ட். கையால் செய்ததில் சாயம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும்" என்றார். கடாரம் கை நழுவியது.

மறுநாள் அவர் பைக்கில் தெற்கே போனோம். சுல்தான்களின் சமாதிகள் இருக்கும் இமோகிரி மலைப் பக்கம் கிரிலோயோ என்ற கிராமம். திண்ணை போன்ற கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சின்ன அடுப்பு, அதில் உருகும் மெழுகு. கையில் 'சாந்திங்'. அதாவது, கைப்பிடி வைத்த பேனா, நிப்புக்குப் பதில் மூக்கு வைத்த குட்டிச் செம்புக் கிண்ணம். மெழுகை மொண்டு, மூக்கில் ஃபூ என்று ஊதி, மரச்சட்டத்தில் தொங்கும் துணியில் கோடு இழுக்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் தோய்த்து, கொதிநீரில் மெழுகை எடுத்து, அடுத்த கலருக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு நல்ல துணிக்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். இதற்கு 'பாத்திக் துலிஸ்' என்று பெயர். துலிஸ் என்றால் எழுதுவது. நம்ம கலம்காரிக்கு தூரத்துச் சொந்தம்!

துண்டுத் துணிகளில் தைத்த பட்டைகளை ஓர் அம்மா எடுத்துப் போட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒன்று எழுபத்தைந்தாயிரம் என்றார். பழக்க தோஷம், என் வாய் திறந்துவிட்டது: "போலே குராங், ஈபு?"

அவர் கோபப்படவில்லை. பட்டையை என் முன்னால் விரித்தார். நண்பர் மொழிபெயர்த்தார்: "குறைக்கலாமே. எந்தக் கோட்டைக் குறைக்கட்டும்?"

அதோடு சாந்திங்கை என் கையில் கொடுத்து, ஒரு பழைய துணியில் விரல் நீளத்துக்குக் கோடு போடச் சொன்னார். போட்டேன். மூணு சொட்டு, ஒரு குளம், அப்புறம் என் கட்டைவிரல்! சுற்றிலும் ஒரே சிரிப்பு. நல்ல துணியில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த வேலையே பாழாம்.

அப்புறம்தான் மற்ற கதை வந்தது. முன்பெல்லாம் இவர்கள் மெழுகு வேலை மட்டும் செய்து, அரைகுறைத் துணியாக வியாபாரிகளிடம் கொடுப்பார்களாம். சாயமும் லாபமும் ஊருக்குள்ளே! 2006 மே 27 விடியற்காலை நிலநடுக்கம். இந்த பந்துல் மாவட்டத்துக்குத்தான் பலத்த அடி. மொத்தம் 5,700 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வீடு இடிந்த பிறகு இந்தப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சாயம் போடவும் கற்று, முழுத் துணியாகத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள்.

முக்காட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1982-ல் வந்த சீருடை விதியால் அரசுப் பள்ளிகளில் முக்காடு போட முடியாமல் போனது. 1991-ல்தான் அனுமதி வந்தது. "கேட் வரைக்கும் போட்டுட்டுப் போவேன், அங்கே கழட்டிப் பையில வைப்பேன்" என்றார் ஈபு.

லாத்தாவின் கவுண்ட்டர் ஞாபகம் வந்தது. மூணு பட்டை எடுத்துக்கொண்டு முழுக் காசையும் நீட்டினேன்.

அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பெரிய டிசைன் பட்டையில் பாதியாக வெட்டுப்படும். அதனால் 'த்ருந்தும்' என்ற பொடி நட்சத்திரப் பூ. ராஜா கண்டுகொள்ளாமல் விட்ட ராணி ஒருத்தி, ராத்திரி வானத்தைப் பார்த்து எழுதிய டிசைன் என்றும், அதைப் பார்த்து ராஜா திரும்பி வந்தார் என்றும் சொல்கிறார்கள். பழுப்புப் பட்டைக்கு சந்தன நிற முக்காடு, நீலத்துக்குச் சாம்பல். உடுப்பில் பூ இருந்தால் பட்டை வெறுமையாக இருக்கட்டும். பின்கழுத்தில் கொண்டைக்குக் கீழே முடிச்சு. சோப்புத் தூள் கூடாது. அவர்கள் அலசுவது எதில் தெரியுமா? நம்ம பூந்திக்கொட்டை! காய்வது நிழலில்.

ஊர் திரும்பினேன். லாத்தா கட்டிப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முக்காடு அசையவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, கணக்கு டாலி ஆயிடுச்சு. ஒரு தரம்கூட முக்காட்டுல கை வைக்கலைடா. பக்கத்து கவுண்ட்டர் பொண்ணு தனக்கும் ஒண்ணு வேணுமுங்குறா. ஆமா, எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணு நானூறு."

"நானூறா! பேரம் பேசலையா?"

"குறைக்கச் சொல்றேன். எந்தக் கோட்டைக் குறைக்கலாம், நீ சொல்லு."

அந்த இருபதாயிரம் பட்டைகள் நாலும் முதல் அலசலிலேயே சாயம் போய்விட்டன. இப்போது என் பைக்கைப் பளபளவென்று துடைக்கின்றன. பேரம் பேசி வாங்கியது வீண் போகவில்லை, பாருங்கள்!