அம்மாவுக்கு மட்டும் பரீட்சை

மேட்டூர் அணைப் பூங்கா அருகே மீன் வறுத்து விற்கும் அந்த அம்மாவுக்கு 2019-இல் வயது முப்பத்தேழு. எட்டாவதோடு நின்ற படிப்பு. அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு அப்போது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். தனித்தேர்வராக எழுதிவிடலாம் என்று துணிந்தார்.

அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போகிற நாளில் கடை கிடையாது. அதைக்கூடச் சமாளித்தார். பக்கத்து வீட்டில் சும்மா கொடுத்த பழைய புத்தகங்களால்தான் வம்பு. அந்த ஆண்டுதான் பத்தாவதுக்குப் புதிய பாடத்திட்டம். போதாக்குறைக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்த இரண்டிரண்டு தாள்களை ஒன்றாக்கி செப்டம்பரில் அறிவித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்தியார் சொல்வார். தனித்தேர்வருக்கு யார் சொல்வது?

பத்தாவது படித்த மகள்தான் சொன்னாள்.

"அம்மா, இனிமே தமிழுக்கு ஒரே பேப்பராம்."

"அப்போ நான் இத்தனை நாள் படிச்சது?"

"இலக்கணம் அப்படியேதான் இருக்கும்மா. பாடத்தை மட்டும் என் புக்குல படி."

மகள் தூங்கிய பிறகுதான் அந்தப் புத்தகம் அம்மா கைக்கு வரும்.

2020 மார்ச்சில் பரீட்சை நெருங்கும்போது கொரோனா வந்தது. ஜூனில் தேர்வு ரத்து. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்து மகள் பாஸ். தனித்தேர்வருக்கு ஏது காலாண்டு, ஏது வருகைப் பதிவு? அவர்கள் எழுதியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

பூங்கா பூட்டியிருந்ததால் கடையும் இல்லை. புத்தகம் பகலிலும் கிடைத்தது. மகளே கேள்வி கேட்டாள், தப்பினால் மறுபடி எழுதச் சொன்னாள்.

செப்டம்பரில் முகக்கவசத்தோடு தேர்வறைக்குள் போனார் அம்மா. ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, மகள் கேட்டுக்கு வெளியே நின்றாள்.