மேற்குச் சுவரின் ஊற்று

எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். திருத்தணி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது மலைச் சுனையின் கண் ஒன்று திறந்துகொண்டதாம். அது சரவணப் பொய்கைக்குப் போகிற தண்ணீராம். அடைத்தால் வம்சம் விளங்காது என்று தாத்தா அப்படியே விட்டுச் சுவரை எழுப்பினாராம். மேற்குச் சுவரில் ஓதம் ஏறுவது அதனால்தான். ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது அந்தச் சுவர் தானாக வேர்க்கும், அதுவே அத்தாட்சி. அத்தை அந்த ஈரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பெரியப்பாவுக்குக் கதை வேறு விதத்தில் உதவியது. சுவரைச் சரிசெய்ய யார் காசு கேட்டாலும், “சாமி தண்ணிக்கு நாம யாருடா குறுக்க நிக்க?” என்று பேச்சை முடித்துவிடுவார்.

என் எரிச்சல் பக்தி மேல் இல்லை, பூசணத்தின் மேல். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் தங்கை மகன் அந்த அறையில் படுத்தான். விடியும்போது அவனுக்கு மூச்சு இழுத்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. ஓதமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் ஆஸ்துமாவும் வரும் அபாயம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சாமி தண்ணீர் பிள்ளையின் நெஞ்சில் ஏறுமா? அந்தச் சுனையைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

முதலில் தெருவில் வயதானவர்களைக் கேட்டேன். சுனை இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பார்த்தவர் ஒருவரும் இல்லை. பூஜை அறைக்குக் கீழே என்றார் ஒருவர். இல்லை, கிணற்றடிக்கும் சுவருக்கும் நடுவில் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுத் தாத்தா இன்னும் ஒரு படி மேலே போய், சுனை இருப்பது எங்கள் வீட்டில் இல்லை, தன் வீட்டில் என்றார். விசாரிக்க விசாரிக்கத் தெருவில் பாதி வீட்டுக்கு அடியில் முருகன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இத்தனை சுனை இருக்கும் ஊர் கோடையில் ஏன் குடத்தோடு நிற்கிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லப் பிடிக்கவில்லை.

ஊற்று என்றால் அதற்கும் பருவம் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொங்கி, சித்திரையில் வற்ற வேண்டும். தெருவில் மூடாமல் மிஞ்சிய கிணற்றைச் சித்திரையில் எட்டிப் பார்த்தேன். அடிப்பாறை தெரிந்தது. வீட்டுக்கு வந்து மேற்குச் சுவரில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. கிணறு வறண்டுவிட்டது, சுவர் வறளவில்லை. அப்படியானால் குழாய்க் கசிவாக இருக்கும் என்று கேட் வால்வை மூடிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துவைத்துப் புழங்கினோம். சுவர் அசைந்து கொடுக்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியோ கிழக்கே இருக்கிறது.

பிறகு பாலித்தீன் சோதனை. ஒரு சதுரத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட வேண்டும். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் முத்து முத்தாக நின்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முழங்கால் உயரத்தில் ஒன்று, பீரோவுக்குப் பின்னால் தலை உயரத்தில் ஒன்று ஒட்டினேன். கீழே ஒட்டியதில் பின்பக்கம் நனைந்தது, மேலே ஒட்டியதில் முன்பக்கம். ஒரு சுனை இரண்டு விதமாகப் பேசுமா? தேடல் அங்கேயே முட்டுச்சந்தில் நின்றுபோனது.

அந்த நிலையில்தான் மேஸ்திரி வந்தார். நகரிப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், சிமெண்டுக்கு முந்தைய சுண்ணாம்பு வேலையைத் தகப்பனிடம் கற்றவர். கரணையின் கைப்பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். “பொத்துனு கேக்குது பாரு நைனா” என்றார். நெஞ்சு உயரம் வரை அதே பொத்தென்ற சத்தம். அதற்கு மேல் கணீரென்று கேட்டது. பிறகு என்னிடம் ஒரே கேள்வி.

“இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட என்ன இருந்துச்சு?”

“சந்துதான் மேஸ்திரி. சிமெண்ட் போட்டிருக்கு.”

“இப்ப இல்ல நைனா. அப்போ.”

சுனைக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும், “சரி, அந்தாண்ட என்ன இருந்துச்சு?” என்றார். பாலித்தீன், கிணறு, வால்வு எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த தடவை வந்தபோதும் அதே கேள்விதான். முன்பணம் நீட்டினேன், வாங்கவில்லை. “அது தெரியாம கரணையத் தொடமாட்டேன். இன்னிக்கு உங்கிட்ட காசு வாங்கிட்டு, அடுத்த மழைக்குத் திட்டு வாங்கணுமா?” அதற்கு முன் வந்தவர்கள் யாரும் எதையும் கேட்டதில்லை. ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து அடித்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கொரு மழை தாங்கியது.

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்த்த எல்லைப் போராட்டக் கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்ததன் மிச்சம் ஒன்று எங்கள் பீரோவில் இருந்தது: மனை வாங்கிய பத்திரம், முழுக்கத் தெலுங்கில். சுனை என்ற சொல் அதில் எங்காவது இருக்கும் என்ற நப்பாசையில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். சுனை இல்லை, ஊற்று இல்லை, கிணறு கூட இல்லை. நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்திக்கு வந்தார். கிழக்கே தெரு, வடக்கே இன்னாருடைய வீடு, மேற்கே “பசுவுல கொட்டம்.” நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மாட்டுத் தொழுவம்” என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “ஆமாண்டா, அப்புறம் அதையும் சேத்து அப்பாதான் வாங்கினாரு. வரிசையா மாடு கட்டியிருக்கும். ஏழுமணிக்கு முன்னாடி நான்தான் வீடுவீடா பால் ஊத்தப் போவேன்.” இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ சுனையத்தானே கேட்ட?”

மேஸ்திரிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. சுவர் அடியில் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டி, வாணலியில் வறட்டி, கனிந்த அடுப்புக்கரி மேல் தூவினார். கறியுப்பு என்றால் படபடவென்று வெடித்துச் சிதறும். இது உஸ்ஸென்று சீறியது, விழுந்த இடத்தில் கரி பளீரென்று கனன்றது. “வெடியுப்பு” என்றார். இதை ஆய்வுக்கூடச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வருஷக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் உப்பாக மாற்றுகின்றன. அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பது இந்தத் தேசத்தில் பழைய தொழில். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பீகாரிலிருந்து அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிப்போய் வெடிமருந்து செய்தன. எங்கள் வீட்டில் அதே சரக்கு சுவரில் ஏறியிருக்கிறது. பழைய செங்கல் சுவர் மண்ணின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு சும்மா இருக்காது. கால்சியம் நைட்ரேட் போன்றவை காற்றில் ஈரப்பதம் பாதியைத் தாண்டி ஏறினாலே அதை உறிஞ்சித் தாமே நீராகக் கசியும். ஆடி மாதத்தில் சாயங்கால மழை. கிருத்திகைக்கு வீடு கொள்ளாத விருந்தாளிகள். பொய்கையில் முழுகிவிட்டு வந்து கூடமெங்கும் ஈரத்துணியைக் கொடி கட்டிக் காயப்போடுவார்கள், கொல்லையில் அண்டா கொதித்துக்கொண்டே இருக்கும். சுவர் வேர்க்காமல் என்ன செய்யும்?

முழங்காலோடு நின்றிருக்க வேண்டிய ஈரம் நெஞ்சுக்கு ஏறியது ஏன் என்பதற்கும் மேஸ்திரியிடம் பதில் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே ஆயில் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு வழியாக ஈரம் வெளியே போய்விடும். சிமெண்டும் பெயிண்டும் வழியை மறிக்க, அது மேலே மேலே வழி தேடியிருக்கிறது.

கறுப்புப் பூசணம் வேறு கதை. உப்பு பூத்த இடத்தில் அது அனேகமாக இல்லை. உப்பில் பூஞ்சைக்குப் பிழைப்பு கடினம். மேலே, மூலையிலும் பீரோ முதுகிலும்தான் அடை அடையாக இருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தோம். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்திரக்கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தியது. அதன் மழைநீர்த் தூம்பில் அரசங்கன்று ஒன்று முளைத்து, வேர் ஓட்டைப் பிளந்திருந்தது. அவ்வளவுதான் அங்கே மர்மம். மேலிருந்து வந்த ஈரம், காற்றோட்டமில்லாத மூலை, தின்பதற்கு டிஸ்டெம்பரும் தூசும். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் தேடல் எனக்கு இனித்தது. புதுச் சுண்ணாம்பின் காரம் பிஎச் கணக்கில் 12-ஐத் தாண்டும். அதில் பூஞ்சை முளைக்காது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு சேரச் சேர அது சுண்ணாம்புக் கல்லாக மாறி, காரம் இறங்கிவிடும். திரும்ப அடிக்க வேண்டும். முன்பெல்லாம் வருஷம் தவறாமல், மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில், பீரோவையும் பெட்டியையும் வெளியே இழுத்துப் போட்டு, வீடு முழுக்க வெள்ளையடித்து, பிறகு பொங்கல் வைத்தார்கள். பூசணத்தை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நிரூபிக்க முடியாது, பண்டிகைக்கு அழகு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அந்த வேலை வந்து நிற்பதை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எமல்ஷன் வந்து ‘அஞ்சு வருஷத்துக்குத் தொடவேண்டாம்’ என்றதும், அந்த ஐந்து வருஷமும் பீரோவையும் யாரும் நகர்த்தவில்லை.

சிமெண்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை கொத்தி, உப்பேறிய அந்தச் சல்லியைச் சுவரோரம் போடாமல் தெருத் தாண்டி அப்புறப்படுத்தினோம். கோடை முழுதும் செங்கல்லைத் திறந்துபோட்டு, பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் துடைப்பத்தால் தள்ளி அள்ளினோம். பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு. பூசணத்தை முகக்கவசம் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்தினோம். உலர்ந்த பூசணத்தைப் பெருக்கினால் அறையெல்லாம் வித்து பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கிச் சுவரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.

உப்பு இன்னும் கொஞ்சம் பூக்கிறது. சில வருஷம் பூக்கும் என்று மேஸ்திரி முன்னாடியே சொல்லிவிட்டார். சுவர் ஆடியில் இப்போது வேர்ப்பதில்லை. அத்தைக்கு அதில் வருத்தம்தான்.

உங்கள் வீட்டுப் பழைய சுவரும் இப்படி ஓதம் காத்தால், பெயிண்டருக்குப் போன் போடுவதற்கு முன் பத்திரத்தை எடுத்துச் சக்குபந்தியைப் படித்துப் பாருங்கள். தெலுங்கில் இருந்தால் படித்துச் சொல்லத் திருத்தணியில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.