25-க்கு 21

அப்பாவுக்குக் காதுமிசின் வாங்கிய இடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். மிசின் இல்லாமல் 25 சொற்களுக்கு 11, மிசினோடு 21. சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவர் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சொல்லாக வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 44 சதவீதம் 84 ஆகிவிட்டது. கணக்கில் தப்பில்லை. ஒரு மாதம் கழித்து அம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "அந்த ரூமுக்குள்ளயே குடியிருக்கவா போறாரு?"

குமாரபாளையத்தில் 38 வருடம் தறி ஓட்டியவர் அப்பா. தொழிற்சாலைக்கான விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நாடா அடிக்கும் தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் அந்த வரம்பு முதல் பத்து நிமிடத்திலேயே அர்த்தமிழந்துவிடும். இப்படி இரைச்சலில் கெட்ட காதின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அப்பாவுக்கு வயதும் சேர்ந்துகொண்டதால் பள்ளம் சரிவாகவே ஆகிவிட்டது. உயிரெழுத்துகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. அடிபடுபவை மெய்கள்தான். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் அவருக்கு ஒன்று. "சத்தம் கேக்குது கண்ணு, பேச்சுதான் வெளங்கல" என்பார். மருத்துவ நூல் பத்து பக்கத்தில் சொல்வதும் இதைத்தான்.

தறிக்காரர் வீடுகளில் இது பெரிய விஷயமில்லை. எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், பாதியைக் கையால் பேசுவோம். போன வருடம் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனபின் குரல் கம்மிவிட்டது. ஒரு முழம் தள்ளி நின்றால் எனக்கே கேட்காது. வீட்டில் இருப்பது அவர்கள் இருவர் மட்டும். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா சீட்டுப்பணத்தை எடுத்து மிசினுக்குக் கொடுத்தது அதனால்தான். அவள் பேச்சு கேட்க, அவளே கட்டிய காசு.

ஒரு மாதம் போயும் கேட்கவில்லை. ஈரோட்டில் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் போனோம், சின்னப் பெண். முதல் வேலையாக மிசினைக் கணினியோடு இணைத்தார். "அய்யா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடறீங்க?"

"காலைல மாட்டுனா ராத்திரிதானம்மா கழட்டுவேன்."

திரையில் சராசரி இரண்டரை மணி நேரம் என்றிருந்தது. மிசின் அதையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை போல. அவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு நூல் போன்ற ஒரு குழாயைக் காதுக்குள் செவிப்பறைக்குப் பக்கம்வரை விட்டு, மிசின் போட்டபடியே, உள்ளே எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளந்தார். மேல்சுருதியில் போதவில்லை. ஏற்றிவைத்தார். மிசினுக்கான பரீட்சையில் இதுதான் நேர்மையானது என்று எனக்குப் பட்டது. அப்பா பதில் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்து ஒரு வெற்றுத்தாள். "எங்கெங்க நல்லா கேக்கணும்? அஞ்சு சொல்லுங்க." ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் ஹார்வி டில்லனும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட முறை இது. கோசி என்பார்கள். கேள்வியை நோயாளியே எழுதுகிறார். சில வாரம் கழித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு மாற்றம், இப்போது எவ்வளவு முடிகிறது என்று அவரே சொல்கிறார்.

அப்பா யோசிக்காமல் சொன்னார். டீக்கடையில் பேச்சு. டிவி செய்தி. போனில் பேரன். கோயில் மைக். ஐந்தாவதுக்குத் தேடி, பஸ் கண்டக்டர்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகம் முழுக்கப் புழங்கும் இன்னொரு படிவமும் உண்டு, ஏழே கேள்வி. உங்கள் காதுக் குறையால் மற்றவர்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்கள் என்பது அதில் ஒன்று. நல்ல கேள்விதான், ஆனால் அதையும் மிசின் போட்டவரிடமேதான் கேட்கிறார்கள். "யாருக்கும் ஒரு சிரமமுமில்ல" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். குரலில்லாத சிரிப்பு. அப்பாவுக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"சமையக்கட்டுல இருந்து கூப்புட்டா வரோணுங்." கொஞ்சம் நிறுத்தி, "ராத்திரி எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா இவரு எந்திரிக்கோணும்" என்றாள்.

ராத்திரி மிசின் டப்பாவுக்குள் இருக்கும். 84 சதவீதமும் அதோடு டப்பாவுக்குள்தான். நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை, அம்மா மட்டும் தினமும் யோசித்திருக்கிறாள். அந்தப் பெண் பஸ் கண்டக்டரை அடித்துவிட்டு அம்மாவின் இரண்டையும் எழுதிக்கொண்டார். சமையலறைக்கு ஒரு நிபந்தனை போட்டார்: மிக்சி ஓடும்போது கூப்பிடக்கூடாது, அப்பா அந்த வாசலுக்கு நேரே உட்கார வேண்டும், முகம் தெரிய.

ஆறு வாரம் கழித்துப் போனோம். கணினி ஒன்பது மணி நேரம் என்றது. டிவி, ரொம்பத் தேவலை. கோயில் மைக், மாற்றமில்லை. எதிரொலிக்கும் மண்டபத்தில் நல்ல காதுக்கே பாதிதான் புரியும். டீக்கடை, தேவலை. "கேட்டு ஒண்ணும் பெருசா பிரயோசனமில்ல" என்று சேர்த்துக்கொண்டார். சமையலறைக்கு மார்க் போட்டது அம்மா: நாலு தடவை கூப்பிட்டால் மூன்று தடவை.

ராத்திரிக்கு எதிரே 'மாற்றமில்லை' என்றே எழுதினார் அந்தப் பெண். இப்போது இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டிருக்கிறோம், கை நீட்டினால் எட்டும். அம்மாவுக்கு ஃபேன் காற்று ஆகாது, அப்பாவுக்கு ஃபேன் இல்லாமல் முடியாது. அந்தச் சண்டை தனி.